மலரின் நான்கு தூண்டில்

1

"நீங்கள்தானோ மீன்பிடிக்கிற அக்கான்ர மனுசன்?"

போன ஞாயிற்றுக்கிழமை ஷ்லீரனில் ஒரு பிறந்தநாள் வீட்டில் என்னிடம் இப்படிக் கேட்டவர் ஓல்டனிலிருந்து வந்த ஒரு தம்பி. ஒரு கையில் கேக், மறு கையில் பட்டிஸ். முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. ஓம் என்றேன். "அக்கா வரேல்லையோ?" என்று என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். வரவில்லை, ஏரிக்குப் போய்விட்டாள் என்றேன். அதோடு அவருக்கு என்னோடு கதைக்க வேறு ஒன்றும் இருக்கவில்லை. பட்டிஸைக் கடித்துக்கொண்டு மற்றப் பக்கம் போய்விட்டார்.

நான் மயிலிட்டியில் பிறந்தவன். ஐயாவுக்குச் சொந்தமாக இரண்டு வள்ளம் இருந்தது. மீசை அரும்ப முன்னரே கடலுக்குப் போகத் தொடங்கிவிட்டேன். அறக்குளா, பாரை என்று இந்தக் கையால் எவ்வளவு மீன் இழுத்திருப்பேன் என்று கணக்கில்லை. மலர் சுன்னாகத்துப் பிள்ளை. தகப்பனுக்கு வெங்காயத் தோட்டம். என்னைக் கட்டும்வரை உயிர் நண்டைக் கண்டால் கதிரையில் ஏறி நிற்பாள். அப்படிப்பட்டவள் கடலே இல்லாத இந்த நாட்டில் மீன்பிடிக்கிற அக்கா ஆகிவிட்டாள். நான் அக்காவின் மனுசன்.

இந்த மாதத்தோடு நான் சுவிஸுக்கு வந்து ஐந்து வருடம். இப்படியான நாள் வந்தால் வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊருக்குப் பனியைப் பற்றி எழுதுவார்கள், இல்லாவிட்டால் தனிமையைப் பற்றி எழுதுவார்கள். பனி எனக்குப் பழகிவிட்டது. தனிமைக்கு நேரம் கிடைப்பதில்லை. ஆகவே நான் என் வயிற்றெரிச்சலைப் பற்றி எழுதுகிறேன். வாசித்துவிட்டுச் சிரிப்பவர்கள் சிரியுங்கள்.

2

நாங்கள் இருப்பது ஷாஃப்ஹவுசனில், ரயில் பாதைக்குப் பக்கத்து மாடிக் கட்டடம் ஒன்றில். நான் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவுகிறேன். மலர் முதியோர் இல்லம் ஒன்றில் தரை துடைக்கிறாள். மகள் சுபா வந்து இறங்கியபோது மழலை மாறாதவள், இப்போது முதலாம் வகுப்பு. எங்கள் தஞ்ச வழக்கு தலைநகர் பேர்னில் எந்த மேசையில் கிடக்கிறதோ தெரியாது. கிடக்கும்வரை இருக்கலாம் என்று சொல்லி ஒரு தாள் தந்திருக்கிறார்கள். அதைக் கொஞ்ச மாதத்துக்கு ஒருமுறை கொண்டுபோய் முத்திரை குத்திக்கொண்டு வரவேண்டும்.

எங்களுக்குக் கீழ்வீட்டில் ஹெர் புறூனர். தொழிற்சாலையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்றவர். மனைவி காலமாகிவிட்டார். கட்டடத்தைப் பார்த்துக்கொள்வதும் அவர்தான், நிலவறையில் இருக்கும் சலவை அறையின் சாவியும் அவரிடம்தான். ஊரில் இருப்பவர்களுக்கு இது விளங்காது. இங்கே சலவை அறை கோயில் மூலஸ்தானம் மாதிரி. எந்த வீட்டுக்கு எந்த நாள் என்று முறை இருக்கிறது. முறை தவறினாலோ, மெஷினில் ஒரு நூல் கிடந்தாலோ புறூனர் கதவில் தாள் ஒட்டிவிடுவார். முதல் வருடம் எங்கள் கதவிலும் ஒட்டினார். சுபாவைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னோம். அவளுக்கு அப்போது எழுத்தே தெரியாது, ஆனால் அவர் கோபமாக இருக்கிறார் என்று சரியாகச் சொன்னாள்.

பிறகு அந்தத் தாள் ஒட்டுவது நின்றுவிட்டது. அதற்குக் காரணம் மலர் துணி காயப்போடும் விதம். அந்த அறையில் நாலைந்து கொடிதான். மற்றவர்கள் காயப்போட்டால் ஒன்றின்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு இரண்டு நாள் ஈரம் இருக்கும். மலர் நீட்டுத் துணிகளைச் சுவரோரக் கொடியிலும், கட்டைத் துணிகளை நடுவிலும், அதிலும் ஒன்றை ஏற்றி ஒன்றை இறக்கிப் போடுவாள். ஒன்றையொன்று தொடாது. காற்று ஊடே போய்வரும். ஒரு நாள் புறூனர் வாசலில் நின்று கனநேரம் பார்த்துவிட்டு "குட்" என்றாராம். அந்த மனிதர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்ததைக் கட்டடத்தில் ஒருவரும் கேட்டதில்லை. அன்றைக்கு எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

புறூனருக்கு ஒரு படகும் இருந்தது. ஏரியை விட்டு ரைன் ஆறு வெளியேறுகிற இடத்தில் ஷ்டைன் என்று ஒரு ஊர். ரயிலில் கிட்டத்தான். படகு அங்கே கட்டியிருக்கும். இரண்டு வருடத்துக்கு முதல் அவர் கனடாவில் இருக்கும் தம்பியிடம் போய்வந்தார். அங்கே மேற்குக் கடலில் சால்மன் மீனை எப்படிப் பிடிக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்ததிலிருந்து மனிதருக்கு நிலைகொள்ளவில்லை. ரைனில் ஒரு காலத்தில் சால்மன் ஏறி வந்ததாம், அணைகள் கட்டியபின் வருவதில்லையாம். சால்மன் இல்லாவிட்டால் என்ன, அதன் ஒன்றுவிட்ட தம்பி ஏரியில் இருக்கிறது என்றார். ஃபொரெல்லெ என்பார்கள். வெள்ளி உடம்பில் கறுப்புப் புள்ளி. கோடையில் மேல்தண்ணீர் சுட்டால் அடியில் போய்ப் படுத்துவிடும். அந்த ஆழத்துக்குத் தூண்டிலைக் கொண்டுபோகத்தான் கனடாவிலிருந்து அவர் நான்கு டவுன்ரிகர் கொண்டுவந்திருந்தார்.

சாமான் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கைபிடி வைத்த ஓர் உருளை. அதில் உருக்குக் கம்பி சுற்றியிருக்கும். கம்பி ஒரு நீட்டுக் கையின் நுனியால் தண்ணீருக்குள் இறங்கும். கம்பியின் முனையில் தேங்காய் அளவு ஈயக்குண்டு. குண்டுக்கு மேலே துணிக் கிளிப் மாதிரி ஒரு கிளிப். தூண்டில் நூலை அந்தக் கிளிப்பில் கடிக்கக் கொடுத்துக் குண்டை இறக்கினால், நூலும் அதோடு ஆழத்துக்குப் போகும். தூண்டில் தடி மேலே வில்லாக வளைந்து நிற்கும். மீன் கடித்து இழுத்தால் நூல் கிளிப்பை விட்டு விடுபடும். பிறகு குண்டின் பாரம் இல்லாமல் மீனோடு மட்டும் மல்லுக்கட்டலாம்.

3

"நீங்கள் ஊரில் மீன் பிடித்தவர், இல்லையா?" என்று புறூனர் மாடிப்படியில் என்னை மறித்துக் கேட்ட நாள் எனக்கு நல்ல ஞாபகம். இந்த நாட்டில் நான் ஊரில் என்னவாக இருந்தேன் என்று என்னைக் கேட்ட இரண்டாவது ஆள் அவர். முதல் ஆள் தஞ்ச வழக்கு அதிகாரி. அவருக்கு நான் சொன்னது பிடிக்கவில்லை, முகத்திலேயே தெரிந்தது. புறூனரின் முகம் மலர்ந்தது.

விஷயம் இதுதான். ஒரு அனுமதிப் பத்திரத்துக்கு இத்தனை தூண்டில்தான் போடலாம் என்று ஏரிக்குச் சட்டம். நான்கு டவுன்ரிகரும் ஓடவேண்டுமானால் படகில் பத்திரத்தோடு இரண்டு பேர் இருக்கவேண்டும். அந்த இரண்டாவது இடம் எனக்கு என்றார். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்ற முன்னரே மலரைக் கூப்பிட்டேன். கோப்பைக் குவியலுக்கு முன்னால் நிற்கும் இந்த இரண்டு காலும் மறுபடி தண்ணீருக்கு மேலே நிற்கப் போகிறது என்று சொன்னேன். மலர் எனக்கு இன்னொரு முட்டை பொரித்துப் போட்டாள்.

நானும் அவரும் இரண்டு சனிக்கிழமை நின்று நான்கையும் படகில் பூட்டினோம். இரண்டு பின்மூலைகளில், இரண்டு பக்கவாட்டில். பக்கத்துக் கைகள் நீளம், பின்னால் உள்ளவை கட்டை. பின்னால் இறங்குவது ஆழம், பக்கத்தில் இறங்குவது அதைவிட மேலே. தூண்டிலும் அப்படியே, ஆழத்தில் ஓடுவது படகுக்குக் கிட்ட, மேலே ஓடுவது தூர. அப்போதுதான் ஒன்றோடு ஒன்று சிக்காதாம். ஒவ்வொன்றாகத்தான் இறக்கவேண்டும், படகு மெல்ல நேரே போய்க்கொண்டே இருக்கவேண்டும், திரும்புவதென்றால் வீதி அகலத்துக்கு வளைத்துத் திரும்பவேண்டும். புறூனர் ஒவ்வோர் ஆணிக்கும் நாடா பிடித்து அளந்தார். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். உள்ளுக்குள், ஒரு மீனுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமோ என்று சிரிப்பு.

எங்கள் ஊரில் தங்கூசி என்கிற நைலோன் நூல் விரலில் இருக்கும். மீன் தொட்டால் விரலுக்குத் தெரியும். நூல் இறுகினால் மீன் இருக்கிறது. நூல் தொய்ந்தால் மீன் போய்விட்டது, இல்லாவிட்டால் நூல் அறுந்துவிட்டது. தொய்ந்தவுடன் வள்ளத்தை அந்த இடத்துக்கே வெட்டித் திருப்பவேண்டும், கூட்டம் அங்கேதான் நிற்கும். இதை எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. கை தானாகச் செய்யும்.

புறூனர் என் பேரில் ஒரு நாள் அனுமதி எடுத்தார். போனோம். நான்கும் இறங்கின. தடிகள் நான்கும் வளைந்து நின்றன. அவர் தேநீர் ஊற்றத் திரும்பினார், நான் சுக்கானில். அப்போது இடப்பக்கத் தடி திடீரென்று துள்ளி நேரே நிமிர்ந்தது. நூல் காற்றில் தொய்ந்து ஆடியது.

"போச்சு, அறுந்திட்டுது!" என்று தமிழில் கத்திக்கொண்டே படகை வெட்டித் திருப்பினேன்.

உங்களுக்கு இதற்குள் விளங்கியிருக்கும். மீன் கடித்ததும் நூல் கிளிப்பிலிருந்து விடுபடும், விடுபட்டால் தடி நிமிரும், நிமிர்ந்தால் ஓடிப்போய்ச் சுற்றவேண்டும். அங்கே தொய்வுதான் மீன். புறூனர் கையிலிருந்த தேநீரோடு "நை! நை!", வேண்டாம் வேண்டாம், என்று பாய்ந்தார். நான் அவர் பயந்துவிட்டார் என்று நினைத்து இன்னும் வேகமாகத் திருப்பினேன். அடியில் நான்கு கம்பியும் ஒன்றுக்குள் ஒன்று போய் முறுகின. நூல் எல்லாம் அவற்றில் சுற்றியது. ஒரு ஈயக்குண்டு கம்பியோடு போயே போய்விட்டது. பிறகு அந்த மீன் ஒரு தரம் மேலே வந்து புரண்டு தன்னைக் காட்டியது. கையளவு வாய், கறுப்புப் புள்ளிகள். அது போனபின் புறூனர் குனிந்து முறுகிய கம்பிகளை மேலே இழுக்கத் தொடங்கினார். ஏசியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

4

சிக்குண்ட கம்பிகளையும் நூலையும் புறூனர் சலவை அறைக்குக் கொண்டுவந்து கொடியில் தொங்கவிட்டார். அது எங்கள் துவைக்கும் நாள். மலர் உடுப்பு எடுக்கப் போனவள் நெடுநேரம் வரவில்லை. நான் கீழே இறங்கிப் போய்ப் பார்த்தேன்.

புறூனர் ஒரு நீட்டுப் பலகை வாங்கில் இருக்கிறார். மலர் நின்றுகொண்டு கம்பிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஒவ்வொரு கொடியில் தனித்தனியாகப் போடுகிறாள். எதையும் இழுக்கவில்லை. எது மேலே, எது கீழே என்று பார்த்து மேலே உள்ளதை மட்டும் தூக்குகிறாள். புறூனர் ஓர் ஈயக்குண்டைக் காட்டி ஏதோ கேட்க, அவள் தன் அரைகுறை ஜெர்மனில், கையை அகட்டியும் ஒடுக்கியும், பக்கத்தில் நீட்டு, பின்னால் கட்டை, மேலே, கீழே என்று சொல்கிறாள். நான் இரண்டு சனிக்கிழமை தலையாட்டிய விஷயம். அவளுக்கு அது கொடி கட்டுகிற விஷயமாகவே பட்டிருக்கிறது.

"ஃப்ராவ் மலர்," என்றார் புறூனர், "இது போதும், படகுக்கு நீங்கள் வாருங்கள்."

என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

இராச்சாப்பாட்டின்போது மலர் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள்.

"என்னைக் கேட்டவர். போகட்டோ?"

"பொம்பிளையள் வள்ளத்தில ஏறுறேல்ல."

"அது மயிலிட்டியில."

"எங்கயெண்டாலும்தான்."

"இஞ்ச வேற பொம்பிளையள் ஏறினம். நான் கண்டனான்."

"அவையள் வெள்ளைக்காரியள்."

"அப்ப நான் ஏறினா மீனுக்குத் தெரியுமோ?" என்றாள். சுபா களுக்கென்று சிரித்தாள். எனக்குக் கோபத்தில் விக்கல் வந்தது. தண்ணீர் எடுத்துத் தந்ததும் மலர்தான்.

மலருக்கு வருடப் பத்திரம் எடுக்க அலுவலகத்துக்கு நானும் போனேன். தஞ்சம் கேட்டவர்களுக்குக் கொடுக்க மாட்டார்கள் என்று உள்ளூர ஒரு நம்பிக்கை. ஒரு அலுவலகத்தில் 'இல்லை' கேட்கப் போய் நான் சந்தோசப்பட்டது அந்த ஒரு நாள்தான். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் எங்கள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், உள்ளே போய் யாரையோ கேட்டாள், திரும்பி வந்தாள். சுபாதான் மொழிபெயர்த்தாள்.

"அம்மா, மீன் பிடிச்சுப் பழக்கமோ எண்டு கேக்கிறா."

"இல்லையெண்டு சொல்லு. அப்பாவுக்குத்தான் பழக்கம்."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். அப்படியானால் நீங்கள் ஏன் விண்ணப்பிக்கவில்லை என்று கேட்டாள். சுபா என்னைக் கேட்காமலே தானாகப் பதில் சொன்னாள். நாலைந்து வசனம், இந்த ஊர்க் கொச்சையில், கையை எல்லாம் ஆட்டி. அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என்ன சொன்னாய் என்று வெளியே வந்து கேட்டேன். "ஒண்டுமில்லை அப்பா" என்றாள். பெற்ற பிள்ளை என்னைப் பற்றி என்ன சொன்னாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. முத்திரை மட்டும் டக்கென்று விழுந்தது.

5

அதன்பிறகு சனிக்கிழமைகள் அவர்களுடையவை. விடியும்போது கீழே புறூனரின் கார் இருமும். மலர் தடித்த சுவெட்டரும் அவர் கொடுத்த றப்பர் பூட்ஸுமாகப் படியிறங்குவாள். வாசலில் நின்று சுபா "பேத்ரி ஹைல்!" என்று கத்துவாள். மீன்பிடிக்கப் போகிறவருக்கு இங்கே அப்படித்தான் வாழ்த்துவார்களாம். அதற்கு இவளும் "பேத்ரி டாங்க்!" என்பாள். எங்கள் ஊரில் கடலுக்குப் போகிறவனைப் பார்த்து வாயே திறக்கமாட்டோம். எங்கே போகிறாய் என்று கேட்டாலே அன்றைக்குத் திரும்பி வீட்டுக்கு வந்துவிடுவார் ஐயா. இதைச் சொன்னேன். "அப்ப என்னெண்டு அவர் மீன் பிடிச்சவர்?" என்று கேட்டாள் சுபா.

நான் என்ன செய்வேன்? பிள்ளைக்குப் பாண் வெட்டிக் கொடுப்பேன். தலை இழுத்துப் பின்னிவிடுவேன், கோணலாகப் போய்விட்டது என்று அவள் திரும்ப அவிழ்ப்பாள். மத்தியானம் மலர் வருவாள். கன்னம் காற்றில் சிவந்திருக்கும். உடம்பில் எண்ணெயும் ஏரியும் சேர்ந்த ஒரு மணம். அந்த மணம் எனக்கு உரியது. அதை அவள் உடுத்திக்கொண்டு வருவதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது. வந்தவுடன் குளிக்கச் சொல்வேன். மீனை நான் வெட்டித் தருவேன், ஆனால் எத்தனை, எந்த ஆழத்தில் என்று கேட்கமாட்டேன். அவளும் சொல்லமாட்டாள். சுபாவுக்குச் சொல்வாள். இருவரும் அறையில் இருந்து கதைப்பது எனக்குக் கேட்கும். காது கொடுத்து ஒன்று விடாமல் கேட்பேன்.

ஒரு நாள் வாயைத் திறந்தேன்.

"ஏரியின்ர மற்றப் பாதி ஜெர்மனி, தெரியுமோ? போட் அங்கால போனா நீர் நாட்டை விட்டு வெளிக்கிட்டதாக் கணக்கு. கேஸ் முடிஞ்சுது."

பயந்துவிடுவாள் என்றுதான் சொன்னேன். அவள் நேரே போய்ப் புறூனரைக் கேட்டிருக்கிறாள். அவர் ஏரியின் படம் ஒன்றை விரித்து, எந்தக் கோபுரத்துக்கும் எந்த மரத்துக்கும் இடையில் நின்றால் சுவிஸ் என்று காட்டிக் கொடுத்திருக்கிறார். அடுத்த கிழமையிலிருந்து அவளுக்கு எல்லைக் குறியும் தெரிந்துவிட்டது. நான் வாயைத் திறந்து அவளுக்கு இன்னும் கொஞ்சம் கடல் படிப்பித்ததுதான் மிச்சம். ஷ்டைன் எங்கள் கன்டோனுக்குள், அதாவது எங்கள் மாகாணத்துக்குள், இருப்பதும் எனக்கு எரிச்சல். வேறு கன்டோனாக இருந்தால் பத்திரத்தை வேறு அலுவலகத்தில் கேட்கவேண்டி இருந்திருக்கும்.

ஊரில் இருப்பவர்கள் வேறு மாதிரி நினைக்கக்கூடும், அதனால் சொல்லிவிடுகிறேன். எனக்கும் அந்த நினைப்பு வந்ததுதான். ஒரு சனிக்கிழமை உணவகத்தில் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டுச் சுபாவையும் கூட்டிக்கொண்டு ரயில் ஏறி ஷ்டைனுக்குப் போனேன். கரையோரமாக நடந்து, புல்வெளியில் ஒரு வாங்கைப் பிடித்து உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்தில் படகு வந்தது. புறூனர் முன்னால், சுக்கானில், தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டு அரைத்தூக்கத்தில் இருந்தார். என் மனதில் கட்டிவைத்திருந்த புறூனருக்கும் அந்தக் கிழவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

மலர் பின்னால் நின்றாள். நூலைக் கையால் இழுத்து அளந்து தண்ணீரில் விட்டாள், கிளிப்பில் கடிக்கக் கொடுத்தாள், உருளையின் பிடியை மெல்லத் தளர்த்தினாள், குண்டு இறங்கியது. நிறுத்தினாள். தடியை வளைத்துத் தாங்கியில் வைத்தாள். மற்ற மூலைக்குப் போனாள். பிறகு வலப்பக்கம். பிறகு இடப்பக்கம். ஒரு தரமும் பின்னால் திரும்பி ஒன்றைச் சரிசெய்யவில்லை. நான்கு தடியும் வளைந்ததும் இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தாள். மலரின் முகத்தில் அப்படி ஒரு அமைதியை நான் கண்டதில்லை, எங்கள் கலியாணத்தன்றும் இல்லை.

எனக்குப் புறூனரில் பொறாமை இல்லை என்று அந்த வாங்கில் இருந்துதான் தெரிந்தது. எனக்கு என் பெண்சாதியில் பொறாமை. அவள் நிற்கிற அந்த இடத்தில், அந்தக் கையில், அந்த முகத்தில் பொறாமை. வேறு ஒருவனில் பொறாமை என்றால் சண்டை பிடிக்கலாம், நாலு பேரிடம் சொல்லலாம். இதை எந்த மனிதனிடம் போய்ச் சொல்வது?

"அப்பா, அம்மா வடிவாயிருக்கிறா, என்ன?" என்றாள் சுபா.

வீட்டுக்குப் போவோம் என்று எழும்பினேன்.

6

இந்த வசந்தத்தில் புறூனருக்குத் தோள்பட்டையில் சத்திரசிகிச்சை. கை தூக்க இயலாது, பாரம் இழுக்கக் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். படகை விற்கப் போகிறார் என்று நினைத்தேன், ஒளிப்பானேன், சந்தோசப்பட்டேன். அவர் சாவியைக் கொண்டுவந்து மலரின் கையில் கொடுத்தார். தான் கரையில் இருந்து பார்க்கிறேன், நீங்கள் ஓட்டுங்கள் என்றார். படகோட்டும் பத்திரத்துக்கு அவளை முந்திய வருடமே படிப்பித்து எடுப்பித்திருக்கிறார். அது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அன்று பின்னேரம் மலர் சமையலறையில் வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"நாலும் போடோணுமெண்டா இன்னொரு ஆள் வேணும். பத்திரத்தோட."

நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன்.

"வாறியளோ?"

"நான் வந்து என்ன செய்ய?"

"நான் சொல்லுறதைச் செய்ய," என்றாள்.

சொல்லுங்கள், இதற்கு என்ன பதில்? வீறாப்பாக வரமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்தேன், "எப்ப?" என்றுதான் வந்தது. அலுவலகத்தில் அதே பெண்தான் இருந்தாள். என் தாளில் பெயரைப் பார்த்துவிட்டு, ஃப்ராவ் மலரின் கணவரா என்று கேட்டுச் சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினாள்.

போனோம். கரையில் புறூனரும் சுபாவும் ஒரு வாங்கில் இருந்து ஐஸ்கிறீம் சாப்பிட்டார்கள். அவர் அவளுக்கு முடிச்சுப் போடக் காட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்க்கவும் எனக்கு ஒரு குத்துக் குத்தியது, ஆனால் ஒரு நாளைக்கு ஒரு பொறாமை போதும் என்று விட்டுவிட்டேன்.

மலர் என்னைச் சுக்கானில் இருத்தினாள். "நேர போங்கோ. நான் சொல்லாமத் திருப்பக் கூடாது. தடி நிமிந்தா ஓடிவந்து தடியை எடுக்கோணும்." அவ்வளவுதான் கட்டளை. நான்கையும் இறக்கினாள். ஏரியில் ஒரு அலை இல்லை. எஞ்சின் முணுமுணுத்தது. அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு கனநேரம் ஓட்டினேன். கடைசியில் அடக்க முடியவில்லை.

"மலர்."

"என்ன?"

"எனக்கு எரியுது."

"தெரியும்," என்றாள். திரும்பவில்லை.

"என்னெண்டு தெரியும்?"

"வாங்கில வந்து இருந்தனீங்கள், சுபாவோட. கண்டனான்." ஒரு தடியை இன்னும் கொஞ்சம் வளைத்துவிட்டுச் சொன்னாள். "மயிலிட்டியில நான் எத்தின விடியக்காலமை கரையில நிண்டிருப்பன்?"

"எனக்காகக் காத்துக்கொண்டு நிண்டனீர்."

"நீங்கள் அப்பிடித்தான் நினைச்சனீங்கள். நான் வள்ளத்தைப் பாத்துக்கொண்டு நிண்டனான்."

எனக்கு உடனே விளங்கவில்லை.

"ஒருக்கால் கேட்டனான் உங்களை. கலியாணம் கட்டின புதுசில. ஒரு நாளைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போங்கோ, ஒரு கரையில பேசாம இருக்கிறன் எண்டு. நீங்கள் சிரிச்சனீங்கள். பிறகு போய் ஐயாட்டச் சொல்லி, அவரும் சிரிச்சவர். அண்டு முழுக்க வாடியில எல்லாரும் அதைச் சொல்லிச் சிரிச்சவை."

கரையில் எங்கள் வாடிக் கொட்டிலில் எல்லாரும் சிரித்த ஒரு நாள் எனக்கு ஞாபகம் வந்தது. நல்ல நாள். எதற்காகச் சிரித்தோம் என்பது மட்டும் எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

வலப்பக்கத் தடி துள்ளி நேரே நிமிர்ந்தது.

கை சுக்கானை வெட்டத்தான் துடித்தது. வெட்டவில்லை. ஓடிப்போய்த் தடியை எடுத்தேன். மலர் எனக்குக் குறுக்கே புகுந்து சுக்கானைப் பிடித்துக்கொண்டாள். நூல் தொய்ந்து கிடந்தது, சுற்றினேன், சுற்றினேன், இன்னும் தொய்வுதான், பிறகு அடியில் எங்கோ ஒரு பாரம் வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. ஐந்து வருடத்துக்குப் பிறகு பிடித்தது. கண்ணீர் வந்ததை அவள் பார்க்கவில்லை.

"எத்தின வருசம் எரிஞ்சது உமக்கு?" என்று கேட்டேன்.

"மெல்லமாச் சுத்துங்கோ, அறுக்கப் போறியள்," என்றாள் மலர், மற்ற மூன்று தடியிலும் கண் வைத்தபடி. "இன்னும் ஆறேல்ல."